மீன் தொட்டி ஃபில்டரின் ஒரு ரப்பர் வளையத்தைத் தனியாக விற்க என்னய்யா கஷ்டம்?

“ஓ-ரிங் மட்டும் தனியா வராது சார். ஹெட்டோட சேர்த்துத்தான் வரும். ஹெட்டும் இப்போ ஸ்டாக் இல்ல. புது ஃபில்டரே வாங்கிடுங்க.”

இதைச் சொன்ன கடைக்காரர் மேல் எனக்குக் கோபம்தான். அதைவிடப் பத்து மடங்கு கோபம், தொட்டிக்கு வெளியே நின்று தண்ணீரைச் சுத்தப்படுத்தும் இந்தக் கேனிஸ்டர் ஃபில்டரைத் தயாரித்தவன் மேல். அவ்வப்போது திறந்து கழுவினால்தான் ஓடும் இயந்திரம் இது. திறக்கத் திறக்க முதலில் வீணாவது ஹெட் என்கிற மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவில் உட்காரும் அந்த ரப்பர் வளையம். அதைத் தனியாக விற்க மாட்டானாம். ஒரு வளையத்துக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து மொத்தத்தையும் வாங்க வேண்டுமாம்.

எல்லாம் முறையாகத்தான் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு வால்வையும் மூடி, ஓஸைக் கழற்றி, தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கனத்தைப் பாத்ரூம் வரை தூக்கிப் போனேன். ஆஸ்கார் மீன் வளர்ப்பவர்களுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். அந்தக் கறுப்புச் சகதியின் நாற்றம் வீடு முழுக்கப் பரவிவிடும், சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். நல்ல பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் ரிங்கைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். குழாயடியில் காட்டினால், மீன் வெளியேற்றும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கூட்டத்தோடு செத்துப் போகும். திரும்ப வளர நாலு முதல் ஆறு வாரம். அதுவரை மீன் தன் அம்மோனியாவிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் பெட்டியோடு வரும் கையேட்டைப் பாருங்கள், “ஓடும் தண்ணீரில் கழுவவும்” என்று ஒரே வரி. புதிதாகத் தொட்டி வைத்தவர் அதை நம்பிக் கழுவி, இரண்டு நாள் கழித்து மீன் செத்து மிதப்பதைப் பார்த்துத் தன் கைராசியை நொந்துகொள்கிறார். அது கைராசி இல்லை, கையேடு எழுதியவனின் அலட்சியம்.

சரி, ஓ-ரிங்குக்கு வருகிறேன்.

வளையத்தை எடுத்துத் துடைத்தேன். சிலிக்கான் கிரீஸ்தான் தடவினேன், வாஸ்லின் இல்லை. பள்ளத்தில் வைத்தால் வளையம் பள்ளத்தைவிடப் பெரிதாக இருக்கிறது! காலையில் அதே பள்ளத்திலிருந்துதான் எடுத்தேன். இத்தனை நாள் தண்ணீரில் ஊறியதில் ரப்பர் நீண்டுவிட்டது. இடது பக்கம் அழுத்தினால் வலது பக்கம் எழும்புகிறது. வலது பக்கத்தைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டால் எதிர்ப்பக்கம் ஒரு புடைப்பு. புடைப்பை உள்ளே தள்ளினால் முழு வளையமும் துள்ளி வெளியே வந்து தரையில் விழுந்து மண் ஒட்டுகிறது. திரும்பக் கழுவு, துடை, கிரீஸ் போடு. குளிர்ந்தால் சுருங்குமோ என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். கொஞ்சம் அடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹெட்டை இறக்கினேன். மூன்று கிளிப் மாட்டியது. நாலாவது மாட்டவில்லை. முழு எடையும் போட்டு அழுத்திய பிறகுதான் ‘டக்’ என்று விழுந்தது.

ஓஸை மாட்டி வால்வைத் திறந்தேன். தண்ணீரை உள்ளே இழுக்க வைக்கும் பிரைமிங் பட்டனை எத்தனை தடவை அமுக்கியும் காற்றுதான் கொப்புளித்தது. டப்பாவை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, ஒருவழியாக ஏர்லாக் விட்டு, தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். நாலாவது கிளிப்புக்கு அடியில் ஒரு சொட்டு. துடைத்தேன். இன்னொரு சொட்டு. மொபைல் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு அடியில் குப்புறப் படுத்துப் பார்க்கிறேன், சொட்டு கோடாகிவிட்டது. பிளைவுட் ஊறத் தொடங்குகிறது. பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வால்வை மூடு, பிளக்கைப் பிடுங்கு, திரும்ப முதலிலிருந்து.

இதற்கு நடுவில் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் பாருங்கள், அதுதான் கொடுமை. தண்ணீர் ஓடாமல் மூடிய டப்பாவில் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும், பாக்டீரியா சாகத் தொடங்கும். அதனால் செராமிக் ரிங்குகளை வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, அடியில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டுவிட்டு, வளையம் தேடிக் கிளம்பினேன்.

பிளம்பிங் கடையில் விட்டம் சரி, கனம் ஜாஸ்தி. மோட்டார் காயில் கட்டும் கடையில் கனம் சரி, விட்டம் பத்தவில்லை. இன்னொரு கடைக்காரர் குக்கர் காஸ்கெட்டை எடுத்து நீட்டினார். கடைசியில் கொளத்தூர். சென்னையில் மீன் சாமான் என்றால் கொளத்தூர்தான், தெருத் தெருவாகக் கடை. அத்தனை கடையிலும் அதே டப்பாக்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அத்தனைக்குள்ளும் ஒரு வளையம் இருக்கிறது. ஒருவரிடமும் உதிரி வளையம் இல்லை. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் செராமிக் ஷாஃப்ட் உடைந்தாலும் இதே பதில்தான், அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள். பெட்டியில் ‘மணிக்கு 1,200 லிட்டர்’ என்று பெரிய எழுத்தில் போடத் தெரிகிறது. அது உள்ளே ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் எதுவும் போடாமல், உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த கணக்கு என்று எழுதத் தெரியவில்லை. ஒரு ஓ-ரிங்கைக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கவும் தெரியவில்லை.

கடையை விட்டு வெளியே வரும்போது இன்னொன்று பார்த்தேன். சின்னப் பிளாஸ்டிக் பையில் சக்கர் மீன் குஞ்சு. “தொட்டியைச் சுத்தமா வெச்சுக்கும், ஃபில்டரே கழுவ வேணாம்” என்று ஒரு சின்னப் பையனிடம் விற்கிறார்கள். அது அழுக்கைத் தின்று சுத்தம் செய்யும் மீனே இல்லை. ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, ஏகப்பட்ட கழிவு போடும். இடம் பத்தாமல் போனதும் அந்தப் பையனின் அப்பா அதைக் கொண்டுபோய் ஏரியில் விடுவார். அப்படி விட்டு விட்டுத்தான் இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் சக்கர் வருகிறது, அதன் முள் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் வாங்க ஆளில்லாத மீனுக்காக வலையையும் இழந்து நிற்கிற மீனவருக்கு எந்தக் கடைக்காரர் பதில் சொல்லப் போகிறார்?