எல்லாமே ஆன்டிக் ஆகிவிட்டால்

பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் 'ஆன்டிக்' என்ற ஆங்கிலச் சொல் இன்று எல்லாச் சாமானுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பர்மா தேக்கில் இழைத்த நிலைக்கதவும் ஆன்டிக், மங்குத் தட்டும் ஆன்டிக், அண்மையில் கடைந்து சாயம் ஏற்றிய முக்காலியும் ஆன்டிக். இந்த மயக்கத்தால் நஷ்டம் அடைபவை நம் வீடுகள்தாம் என்பது என் உறுதியான கருத்து.

பழமையைக் குறிக்கும் 'ஆன்டிகுவஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த இது, ஆங்கிலத்தில் முதலில் கிரேக்க, ரோமானியக் காலத்துப் பொருள்களையே குறித்து, பின்னர்தான் பழைய மேசை நாற்காலிக்கும் வழங்கலாயிற்று. (கோணங்கித்தனத்தைச் சுட்டும் 'ஆன்டிக்ஸ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து இத்தாலி வழியாக வந்ததுதான்.) வணிகத்தில் பொதுவாக 100 ஆண்டு கடந்ததே ஆன்டிக், அதற்கு இளையது விண்டேஜ். ஆனால் இதே சொல் வினையாக வரும்போது, புதிய பொருளுக்குப் பழைய தோற்றம் ஏற்றுவதையும் குறிக்கும். நகைக்கடையின் 'ஆன்டிக் நகை' இந்த வகை. அது புதிய நகை என்பது வாங்குபவருக்கும் தெரியும் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கதவும் தூணும் அப்படியல்ல. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம், 100 ஆண்டுக்குக் குறையாத கலைவேலைப்பாடுகளோடு, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த அவ்வளவு பழைய பொருள்களையும் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவையாதலால், ஆண்டுதோறும் இன்னும் பல வளவுகளின் (பெரிய வீடுகளின்) தூண்கள் இந்த வரம்புக்குள் வருகின்றன. பங்காளிகள் கூடி வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது இந்தப் பேச்சே எழுவதில்லை. மொத்தமாக ஒரு விலை பேசி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஒரு கடையில் பித்தளை அண்டா ஒன்றைப் பார்த்தேன். அதன் கழுத்தில் ஒரு குடும்பத்தின் விலாச எழுத்துகள் (குடும்பப் பெயரைச் சுட்டும் முதலெழுத்துகள்) ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. யார் வீட்டுப் பெண்ணுக்குச் சீராக வந்ததென்று ஊரில் கேட்டாலே தெரிந்துவிடும். கட்டியிருந்த அட்டையிலோ 'ஆன்டிக் பிராஸ்' என்பதோடு விலை மட்டுமே இருந்தது.

பொருளின் பெயர், வந்த ஊர், தோராயமான ஆண்டு ஆகிய மூன்றையும் அந்த அட்டையில் எழுதக் கடைக்காரர்களுக்குக் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது. விற்கும் குடும்பங்களும் பெயர்த்தெடுக்கும் முன்பே ஒவ்வொன்றையும் படமெடுத்து, வீட்டின் எந்தப் பகுதியில் இருந்ததென்று குறித்து, 100 ஆண்டு ஆனதா என்பதைத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிந்த பிறகே விலை பேச வேண்டும்.