பழுதாக்கினது பிள்ளைகள் இல்லை, தண்ணீர்

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஹலோவீன் (பேய் வேஷப் பண்டிகை) சமையல் பட்டறை நடந்தது. ஸ்ட்ரோபெரி தோய்க்க உருக்கி நிறம் போட்ட சொக்லேட் பழுதாப்போச்சு, அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. செம்மஞ்சள் மண் மாதிரிக் கட்டிபட்டுப்போன வெள்ளைச் சொக்லேட். கீழே, "சின்னதுகளை அடுப்படிக்குள்ள விட்டால் இப்பிடித்தான்." அதுக்கு வரிசையாய்ச் சிரிப்பு முகங்கள். கரண்டி பிடிச்சிருந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று ஒருத்தரும் யோசிக்கேல்லை.

மன்னிக்கோணும், பழுதாக்கினது பிள்ளைகள் இல்லை. உருகின சொக்லேட்டுக்குள்ள துளித் தண்ணி போனாலே சீனி ஈரத்தை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டும், முழுக்க இறுகிப்போகும். சாதாரண ஜெல் நிறத்தில இருக்கிறது தண்ணி. அதை வாங்கினது ஆர்? கழுவின ஸ்ட்ரோபெரியைத் துடைக்காமல் தோய்க்கக் குடுத்தது ஆர்? ஏழு வயசுப் பிள்ளையோ?

சொக்லேட்டுக்கு எண்ணெயில கரைச்ச நிறம்தான் சரி. மைக்ரோவேவைப் பாதி வலுவில வைச்சு, 30 விநாடிக்கு ஒருக்கா எடுத்துக் கிளறோணும். தடிப்பாய் இருந்தால் 200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கோ, பால் வேண்டாம். கட்டிபட்டதைக்கூட எறியத் தேவையில்லை. சுடுபாலைக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டு அடிச்சால் ஐஸ்கிரீமுக்கு ஊத்துற சோஸாகும், ஆனால் தோய்க்க உதவாது.

"அப்ப சூட்டுச் சாமானைப் பிள்ளையிட்டக் குடுக்கச் சொல்லுறியளோ?" இல்லை. உருக்குறது பெரியாக்களின்ர வேலை. பிள்ளைக்கு வேற வேலை எவ்வளவோ இருக்கு. பஃப் பேஸ்ட்ரியை ஒரு சென்ரிமீற்றர் அகல நாடாவாய் வெட்டிக் குடுங்கோ, வெந்த சொசேஜில சுத்தி, துணி சுத்தின எகிப்துப் பிணம் மாதிரி "மம்மி" செய்யட்டும். ஒவனில 200 பாகை செல்சியஸில 15 முதல் 20 நிமிஷம். சொசேஜை முதல்ல துடையுங்கோ, ஈரமெண்டால் நாடா வழுக்கிக் கழரும். சீனிக் கண்ணை ஒவனுக்குள்ள வைச்சால் உருகி வழியும், வெந்தபிறகு கடுகுச் சோஸால பொட்டு வைக்கலாம். சீஸ் குச்சியை மூண்டாய் வெட்டி, ஒரு முனையைக் கிழிச்சு, மற்ற முனையில பிரெட்செல் (மொறுமொறு உப்பு பிஸ்கட்) குச்சியைக் குத்தினால் சூனியக்காரியின்ர விளக்குமாறு. பரிமாறக் கொஞ்சம் முதல்தான் குத்தோணும், பிரெட்செல் ஈரத்தில நமுத்துப்போகும்.

"இது எங்கட பண்பாடோ?" என்று கேக்கப்போறவைக்கு: ஒக்ரோபர் 31 பின்னேரம் உங்கட வாசலிலயும் மிட்டாய்ப் பெட்டி இருக்கும், விடுங்கோ.

கேக்கவேண்டியதை ஒருத்தரும் கேக்கேல்லை. நாலு வயசுக்குக் குறைஞ்சதுகளுக்கு, மேசையில வைச்ச மார்ஷ்மெலோ (மெத்தென்ற மிட்டாய்) தொண்டையில அடைக்கலாம், திராட்சையையும் சொசேஜையும் நீளவாக்கில நாலாய் வெட்டோணும். மார்ஷ்மெலோவில ஜெலட்டின் இருக்கு, பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலயிருந்து. சைவப் பிள்ளைகளும் அந்த மேசையில நிண்டவை. லேபிளை வாசிச்சியளோ? வீடியோ எடுக்க மட்டும் நேரம் இருந்தது.

பிள்ளை செய்யிற பேய்ப் பலகாரம் கோணலாய் வந்தால் வரட்டுமே! பெரியாக்கள் எல்லாத்தையும் சுட்டு முடிச்சிட்டு, கண் ஒட்டவும் படத்துக்கு நிக்கவும் மட்டும் பிள்ளையைக் கூப்பிடுறதுக்குப் பேர் பட்டறை இல்லை.

வாற கிழமை கப்கேக்காம். சூடு ஆறாத கேக்கில பட்டர் ஐசிங் உருகி வழியும். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டிட்டுப் பிள்ளைகளிட்டக் குடுங்கோ, அதையும் அதுகளின்ர தலையில கட்டாமல்.