எந்த மாவட்டம் என்று சொல்லுங்கள்

ஐப்பசி மழை கொட்டுகிறது. காலை ஆறு மணிக்கு மகள் யூனிஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். கைபேசியில் ஒரு தலைப்பு: ‘பள்ளிகளுக்கு இன்று விடுமுறையா? ஆட்சியரின் முக்கிய அறிவிப்பு!’ எந்த ஆட்சியர்? சொல்லவில்லை. தொட்டால் இரண்டு விளம்பரம், அப்புறம் நாலு பத்தி வானிலைக் கதை. கடைசி வரியில்தான் நீலகிரி என்று இருக்கிறது. நாங்கள் இருப்பது கடலூரில்!

‘கனமழை: நீலகிரியில் பள்ளிகளுக்கு விடுமுறை’. நாலே சொல். எழுத என்ன கஷ்டம்? 1942-இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி செய்தி எழுத வைத்தார். டீக்கடை வாசலில் தொங்கிய போஸ்டரைப் பார்த்தாலே சேதி தெரிந்துவிடும். இப்போதோ, அவசரத்துக்கு வேண்டிய ஊர்ப் பெயரைத்தான் முதலில் ஒளிக்கிறார்கள். வயிறு எரிகிறது.