நடுவீட்டு நெல்லு

மன்னார்குடிக்குக் கிழக்கே ஓர் ஊர். மாசி முடியப்போகிறது. இரண்டாம் போக நெல்லான தாளடி அறுத்த அன்று சாயங்காலம் பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கிறது. ஒரு ஏக்கர் நெல், நாற்பது கிலோ மூட்டையாக 50 சிப்பம், நடுவீட்டில் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. வீட்டில் உள்ள இரண்டு மின்விசிறியும் அதற்காகத்தான் ஓடுகின்றன. கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கோதிவிடுகிறார். மல்லிகா தட்டோடு அடுப்படி வாசலில் நிற்கிறார்.

மல்லிகா: என்னாங்க, இட்லி வெந்துட்டு. எப்படிக் கொண்டாறது? பறந்தா?

கோவிந்தராசு: சுவத்தோரமா வா. காலத் தொடச்சிட்டு வா. ஈரக்கால வச்சிடாத.

மல்லிகா: நான் வாக்கப்பட்டு வந்தன்னிக்கு ஒரு ஆரத்தியோட உள்ள விட்டாவோ. இந்த நெல்லுக்கு ரெண்டு ஃபேனு, ராத்திரி முழுக்க ஆளு காவலு!

கோவிந்தராசு: ஈரம் 17 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் கவருமெண்டு கொள்முதல்ல எடுப்பாவோ. நேத்து கைப்பிடி கொண்டுபோனேன், மிஷினு 21 காட்டுது.

மல்லிகா: மிஷினு 21 காட்டுச்சு. நீங்க இஞ்ச கடிச்சுப் பாத்துட்டு 16-ன்னீங்களே?

கோவிந்தராசு: என் பல்லு மேல தப்பு இல்ல. போற வழியில தூத்தல் போட்டுச்சு.

மல்லிகா: மடியில முடிஞ்சிட்டுப் போன நெல்லு, கடைத்தெருவத் தாண்டுறதுக்குள்ள அஞ்சு பாயிண்டு குடிச்சிட்டாக்கும்!

(கோவிந்தராசுவின் பல்லைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. ஒன்று அவருடையது.)

கோவிந்தராசு: மாசியில இப்படி ஊத்தும்னு யாரு கண்டா? அப்பா சொல்லுவாரே, கார்த்திகைக்குப் பின்னால மழையும் இல்ல, கர்ணனுக்குப் பின்னால கொடையும் இல்லன்னு.

மல்லிகா: அதுல கர்ணன் சமாசாரம் மட்டும் சரியா இருக்கு. உங்க அண்ணங்கிட்ட ஒரு தார்ப்பா கேட்டேன், காதே கேக்கல அவ்வோளுக்கு.

கோவிந்தராசு: மேட்டூர சனவரி 28-ஓட மூடுறது வழக்கம். மூடியாச்சு. ஆத்துல தண்ணி வடிஞ்சு, வயல் காஞ்சு, நிம்மதியா அறுக்கலாம்னு பாத்தா...

மல்லிகா: மேட்டூர மூட ஆளு இருக்கு. மேல இருக்குறத மூட யாருகிட்ட மனு குடுக்குறது? கொல்லையில மாம்பூவெல்லாம் கொட்டிக் கெடக்கு. இந்த வருசம் ஊறுகாயும் கடையிலதான்.

கோவிந்தராசு: ஊறுகாய விடு. அறுவடைக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டயர் வச்ச அறுவடை வண்டி வரப்புத் தாண்டுனதும் பாதிச் சக்கரம் உள்ள போயிட்டு. பெல்ட்டு வண்டிய எங்கெல்லாமோ தேடிக் கொண்டாந்தேன். மணிக்கு 2,800.

மல்லிகா: அந்த பெல்ட்டு என்னா பண்ணுச்சுன்னும் சொல்லுங்க. அறுக்க பத்து நாளு இருக்கயில, நெல்லுக்கு நடுவுல உளுந்து தெளிச்சீங்க. ‘ஈரத்துலயே மொளைச்சுக்கும் மல்லிகா, தண்ணி செலவு இல்ல, சித்திரையில உளுந்து வீட்டுக்கு வந்துடும்’னீங்க. மொளைச்சத பெல்ட்டு மிதிச்சுது. மிதிபடாம தப்புனது தண்ணியில நிக்கிது.

கோவிந்தராசு: ஓரத்துல கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கு.

மல்லிகா: அது கோரை.

(கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். கோவிந்தராசு கழுத்தைச் சொறிகிறார். நெல்லுச் சுணை. முதுகுக்குக் கை எட்டவில்லை, தூணில் தேய்த்துக்கொள்கிறார்.)

மல்லிகா: அன்னிக்கு களத்துக்கே வந்து வியாபாரி சிப்பம் 760-க்குக் கேட்டாரு. அப்பவே அள்ளிவிட்டிருந்தா இந்நேரம் நான் வீட்டக் கூட்டிக் கோலம் போட்டிருப்பேன்.

கோவிந்தராசு: 760-ஆ? கொள்முதல்ல சன்னரகம் குவிண்டால் 2,545. நாப்பது கிலோ சிப்பத்துக்கு 1,018. சிப்பத்துக்கு 258 போவுது. 50 சிப்பத்துக்கு 12,900! நான் என்னா கர்ணனா?

மல்லிகா: கணக்கெல்லாம் நல்லாத்தான் வருது. கரண்டு பில்லையும் கழிச்சுப் பாருங்க. சேதம் பாக்க வந்தவரு என்னா சொன்னாரு?

கோவிந்தராசு: 33 சதவீதத்துக்குக் கொறையாம சேதமானாத்தான் நிவாரணமாம். நம்மளுது முப்பதுகிட்ட இருக்கும்னுட்டுப் போயிட்டாரு.

மல்லிகா: வீட்டுக்குள்ள கூட்டியாந்து காட்டுறதுதானே? இஞ்ச நூறு.

கோவிந்தராசு: இந்தா, பேசிக்கிட்டே நிக்காம அந்த மூலையத் திருப்பி விடு. மணிக்கொரு தடவ திருப்பிப் போடணும். இல்லன்னா சூடேறி நாத்தம் எடுத்துடும்.

மல்லிகா: அத்தையையா?

கோவிந்தராசு: நெல்ல!

மல்லிகா: அந்த மூலையில அத்தைதானே கெடக்காவோ. வேர்க்குதுன்னு சாயங்காலமே நெல்லு மேல பாய விரிச்சுப் படுத்துட்டாவோ. காத்து வர்ற ஒரே எடம் அதுதானாம்.

கோவிந்தராசு: அதான் அந்த மூலை மட்டும் காயவே மாட்டேங்குது! எழுப்பு.

மல்லிகா: உங்க அம்மா, நீங்க எழுப்புங்க. நான் எழுப்புனா, ‘மருமவ என்னையத் திண்ணைக்குத் தள்ளிட்டா’ன்னு விடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.

கோவிந்தராசு: (எழுப்பவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து இட்லியைப் பிய்க்கிறார்.) என்னா இட்லி இது, கல்லு மாதிரி?

மல்லிகா: நம்ம உளுந்துதான் தண்ணியில நிக்கிதே. கடை உளுந்து விக்கிற வெலைக்குக் கொஞ்சமாத்தான் போட்டேன். கடிச்சுப் பாத்து ஈரம் எவ்வளவுன்னு சொல்லுங்க.

கோவிந்தராசு: (மென்றபடி) ஆமா, என் போன் எங்க? டோக்கன் வந்தா கொள்முதல் நிலையத்துலேருந்து கூப்புடுவேன்னாவோ.

(மல்லிகா சட்னியை ஊற்றுகிறார். கேட்டதற்கு மேலேயே ஊற்றுகிறார்.)

கோவிந்தராசு: மல்லிகா?

மல்லிகா: காலையில வாய்க்கால்ல போட்டு எடுத்துட்டு வந்தீங்கல்ல...

கோவிந்தராசு: ஆமா, தொடச்சு மாடத்துல வச்சேன்.

மல்லிகா: நனைஞ்ச போனை அரிசியில பொதச்சு வச்சா ஈரத்த உறிஞ்சிடும்னு நம்ம பெரியவ சொன்னா.

கோவிந்தராசு: சரி, அரிசிப்பானையிலதானே இருக்கு? எடு.

மல்லிகா: அரிசி காலியாயிட்டு.

கோவிந்தராசு: வீட்டுல ரெண்டு டன் நெல்லு கெடக்கு, அரிசி இல்லையா?

மல்லிகா: நெல்லு நீங்க விக்கிறதுக்கு. அரிசி ரேசன் கடையிலேருந்து வர்றது. மழையில யாரு போயி வாங்குறது? அதான் யோசிச்சேன்... நெல்லுக்குள்ளயும் அரிசிதானே இருக்கு?

(கோவிந்தராசு தட்டைக் கீழே வைக்கிறார்.)

கோவிந்தராசு: ஈர நெல்லுக்குள்ள ஈரப் போனப் பொதச்சா எது எதைக் காயவைக்கும்?

மல்லிகா: ரெண்டும் ஃபேனுக்கு அடியிலதானே கெடக்கு!

கோவிந்தராசு: எந்த எடத்துல பொதச்ச?

மல்லிகா: தூணுகிட்டதான் பொதச்சேன். நீங்கதான் மணிக்கொரு தடவ கோதிக்கோதி விடுறீங்களே. இந்நேரம் எந்த ஊருக்குப் போயிருக்கோ.

(இருவரும் குனிந்து நெல்லைத் துழாவுகிறார்கள். அழகாகப் பரப்பியிருந்த நெல் அம்பாரமும் பள்ளமுமாக ஆகிறது.)

கோவிந்தராசு: இந்தா, ஏதோ சிக்குது! ...பாக்குவெட்டி.

மல்லிகா: அத்தையோடது! களையெடுக்க வந்த பொண்ணு தூக்கிட்டுப் போயிட்டான்னு நாலு நாளா திட்டித் தீத்தாவோளே! (இன்னும் குனிந்து) ஐயோ, என் தோட்டுத் திருகாணி! என்னாங்க, கெணத்தடியெல்லாம் தேடுனேன். நெல்லு நல்ல நெல்லுதாங்க.

கோவிந்தராசு: போனத் தேடு. உன் போன்லேருந்து கூப்புடு, சத்தம் கேக்கும்.

மல்லிகா: (அழைத்துக் காதில் வைத்து) என்னாங்க... வேற ஒரு அழைப்புல இருக்கீங்களாம்.

கோவிந்தராசு: நான் இஞ்சதானே நிக்கிறேன்!

மல்லிகா: அப்ப யாரோ கூப்புடுறாவோ. போனு உசிரோட இருக்கு. ஏன் மணி அடிக்கல?

கோவிந்தராசு: அது... சத்தத்த நிறுத்தி வச்சிருந்தேன். உதறல் மட்டுந்தான்.

மல்லிகா: ஏன்?

கோவிந்தராசு: வயல்ல வேலையா இருக்கயில, சில பேரு கூப்புட்டுக்கிட்டே இருக்காவோ...

மல்லிகா: சில பேருன்னா?

(நல்லவேளை. மூலையில் கிழவி அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறார். நெல்லுக்குள் பாம்பு ஓடுகிறதாம். இடுப்புக்குக் கீழே நெளிகிறதாம். கோவிந்தராசு கம்பைத் தேடி ஓடி, பாதி வழியில் நின்று, கம்பைப் போட்டுவிட்டு, பாயைத் தூக்கிக் கையை நெல்லுக்குள் விடுகிறார்.)

கோவிந்தராசு: ஆங்... அலோ! சொல்லுங்க சார்... இல்ல சார், பக்கத்துலதான் இருந்துச்சு... வந்துட்டா? எத்தனாவது நம்பரு?... காலையில ஏழு மணிக்கா?... ஈரமா? காஞ்சிடுச்சு சார், கலகலன்னு இருக்கு... வச்சிடுறேன் சார். (மல்லிகாவிடம்) டோக்கன் வந்துட்டு! சாக்கெல்லாம் எடு. விடியறதுக்குள்ள அள்ளிக் கட்டணும். காலையில டிராக்டரு சொல்லிடுறேன். தார்ப்பா எங்க?

மல்லிகா: உங்க தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தல் போடன்னு தை மாசம் நீங்கதானே குடுத்துவிட்டீங்க.

கோவிந்தராசு: அத உடனே திருப்பிக் கேக்கலியா நீ?

மல்லிகா: கேட்டேன். அந்தக் காதும் கேக்கல. குத்துன காதுல்ல.

கோவிந்தராசு: எங்கயாச்சும் புரட்டிக்கலாம், நீ அள்ளு. அம்மா, எந்திரிம்மா. இஞ்சேருந்துதான் ஆரம்பிக்கணும்.

(கிழவி பாயைச் சரிசெய்துகொண்டு மறுபடி படுக்கிறார். இந்தப் பக்கம் முதுகு.)

மல்லிகா: அவ்வோ எந்திரிக்க மாட்டாவோ.

கோவிந்தராசு: ஏனாம்?

மல்லிகா: நெல்லு இருக்குற வரைக்குந்தான் ஃபேனு ஓடும்னு அவ்வோளுக்குத் தெரியும். போன வருசக் கோடையில ‘கரண்டு பில்லு யாரு கட்டுறது’ன்னு நீங்க ஃபேன நிறுத்துனத அவ்வோ மறக்கல.

கோவிந்தராசு: அம்மா, சத்தியமா நிறுத்த மாட்டேன்மா... அம்மா! (பதில் இல்லை. பாய்க்கு அடியில் கையை விட்டு நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார். முகம் மாறுகிறது.) மல்லிகா, இது கெடக்கட்டும். மத்தத அள்ளு. 49 சிப்பம் போதும்.

மல்லிகா: எவ்வளவு இருக்கு?

கோவிந்தராசு: பதினாறு.

மல்லிகா: அப்ப விட்டுட்டே போங்க.