“யாரோட நாய் சார்?”

எங்கள் தெரு நாய் மேல் போன மாசம் யாரோ வெந்நீரை ஊற்றிவிட்டார்கள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, ஈ மொய்க்க, ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் சுருண்டு கிடந்தது. வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டாலே இப்போதும் எழுந்து ஓடுகிறது.

ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு கேட்ட முதல் கேள்வி, “யாரோட நாய் சார்?”

எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது, சட்டமே அப்படித்தான் கேட்கிறது. பழைய இ.பி.கோ. 428, 429 பிரிவுகளில் மிருகத்தைக் கொல்வதும் ஊனமாக்குவதும் சொத்துச் சேதக் கணக்கில்தான் வரும், அதுவும் பத்து ரூபாய் மதிப்புள்ள மிருகம் என்றால் 2 வருஷம், ஐம்பது ரூபாய் பெறும் என்றால் 5 வருஷம் வரை. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு அந்த விலைப்பட்டியலைத் தூக்கிவிட்டு, எந்த மிருகமானாலும் 5 வருஷம் வரை என்றது. நல்லதுதான். ஆனால் இருப்பது அதே சொத்துச் சேத அத்தியாயத்தில், அதுவும் கொன்றிருக்க வேண்டும், விஷம் வைத்திருக்க வேண்டும், ஊனமாக்கியிருக்க வேண்டும், இல்லை எதற்கும் உதவாமல் ஆக்கியிருக்க வேண்டும். எங்கள் நாய்க்குப் புண் ஆறிவிடும் என்றார் டாக்டர்.

அப்புறம் மிச்சம் இருப்பது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் தடவை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். தண்ணீரைக் கொதிக்க வைத்த அடுப்பு கேஸ் செலவே அந்தப் பத்து ரூபாயில் பாதி வந்திருக்கும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதைத் தானாக விசாரிக்கவும் முடியாது. பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதால் பிறந்த சட்டம் இது. அன்றைக்கு 50 ரூபாய் பெரிய பணம், சரி, இன்றைக்கு?

பணத்தை விட என்னை உறுத்துவது அந்தச் சட்டத்தில் இருக்கிற ‘தேவையற்ற வலி’ என்கிற சொல். காயடிப்பது, மூக்கணாங்கயிறு குத்துவது, சூடு போடுவது எல்லாம் விதித்த முறையில் செய்தால் குற்றமில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறவன்தான், இதில் எனக்குப் பெரிய யோக்கியதை கிடையாது. ஆனால் மிருகத்துக்கு எவ்வளவு வலித்தது என்பது பின்னால் போய், மனுஷனுக்கு அது தேவைப்பட்டதா என்பதுதானே முன்னால் நிற்கிறது? வெந்நீர் ஊற்றியவரும் “ராத்திரியெல்லாம் குரைச்சது, தேவைப்பட்டது” என்றுதான் சொல்வார்.

ஏட்டு நல்ல மனுஷன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “உங்க நாய்னே எழுதிக்கட்டுமா சார்?” என்றார்.

எழுதிக்கோங்க என்றேன்.