மரம் குடித்த பாதரசம் எங்கே போகும்?

சின்ன வயதில் வீட்டுத் தெர்மாமீட்டர் என் கை தவறி உடைந்தது. சிவப்புத் தரையில் வெள்ளி மணிகளாக உருண்ட பாதரசத்தை நானும் தங்கையும் தபால் கார்டால் தள்ளித் தள்ளிச் சேர்த்தோம். இரண்டு மணிகள் தொட்டால் ஒன்றாகிவிடும். நிலைப்படி இடுக்கில் போனது போனதுதான், எடுக்கவே முடியவில்லை. மரபணு மாற்றிய மரங்கள் மண்ணிலுள்ள பாதரசத்தை எடுத்துவிடும் என்று படிக்கும்போதெல்லாம் அந்த இடுக்குதான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி, தொப்பி செய்தே பேர் வாங்கிய ஊர். ரோமத்தை ஃபெல்ட் என்ற கெட்டித் துணியாக இறுக்குவதற்குப் பாதரச நைட்ரேட் தடவுவார்கள். அந்த ஆவியை இழுத்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும். 'டான்பரி நடுக்கம்' என்றே அதற்குப் பெயர். தொப்பித் தொழில் போய்விட்டது, பாதரசம் மண்ணிலேயே தங்கிவிட்டது.

2003-இல் அங்கே பழைய தொப்பி ஆலை இருந்த இடத்தில் மரபணு மாற்றிய காட்டன்வுட் மரங்களை நட்டார்கள். இதற்கு அடிப்படை, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மீகர் குழு செய்த வேலை. பாதரசத்திலும் பிழைக்கும் பாக்டீரியாவிடம் மெர்-ஏ என்றொரு மரபணு உண்டு. அது உருவாக்கும் நொதி, பாதரச உப்பை உலோகப் பாதரசமாக மாற்றிவிடும். ஆனால் அந்த மரபணுவை அப்படியே செடிக்குள் வைத்தால் வேலை செய்யவில்லை. பாக்டீரியாவின் எழுத்து செடிக்குப் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அர்த்தம் கெடாமல் எழுத்தை மட்டும் திருத்தி வைத்தார்கள். 1996-இல், மற்றச் செடிகள் தாங்காத அளவு பாதரசத்தில் கடுகுக் குடும்பத்துக் குட்டிச் செடி ஒன்று முளைத்து வளர்ந்தது. இந்த உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது. மரபணு மாற்றம் என்றாலே ஆகாது என்கிற கட்சியில் நான் இல்லை.

என் கேள்வி வேறு. மரம் குடித்த பாதரசம் எங்கே போகிறது? இலை வழியாக ஆவியாகிக் காற்றுக்குத்தான். அங்கே மாதக்கணக்கில் சுற்றிவிட்டு எங்கோ ஓரிடத்தில் இறங்கும். ஏரியில் விழுந்தால் மெத்தில் பாதரசம் என்ற இன்னும் கொடிய விஷமாகி மீனுக்குள் போகும். 'கொஞ்சம்தானே, உலகக் காற்றில் கரைந்துவிடும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டான்பரித் தொழிலாளிகளை நடுங்க வைத்ததும் ஆவிதான். என் வீட்டு மண்ணைச் சுத்தம் செய்து இன்னொருவர் மூச்சில் அனுப்புவதற்குப் பேர் சுத்தமா?

விஷத்தைத் தன் உடம்பிலேயே பிடித்து வைக்கும் செடிதான் வேண்டும். ஆர்சனிக்கை இலையில் சேர்த்துக்கொள்ளும் பெரணி ஒன்றை 2001-இல் புளோரிடாவில் கண்டறிந்தார்கள், அதுவும் இயற்கையாகவே. ஆராய்ச்சி அந்தப் பக்கம் போகட்டும். அறுத்தெடுத்துப் பத்திரமாக வைக்கலாம். அதையும் யோசித்துச் செய்ய வேண்டும். கடுகு போன்ற செடியை நட்டால் நம் ஊரில் எந்த வேலி ஆட்டைத் தடுக்கும்? காய்ந்த குச்சியை அடுப்புக்கு ஒடிக்காமல் இருப்பார்களா? மனிதரும் மாடும் தொடாத செடியாகப் பார்க்க வேண்டும். செலவு, அழுக்காக்கியவர்களுடையது.

கொடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேலே இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அப்புறம் ஆய்வாளர்கள் அந்தப் பக்கத்து மரங்களில் படர்ந்திருந்த பாசியை எடுத்துச் சோதித்தார்கள். காற்றில் போன பாதரசம் அதில் ஒட்டியிருந்தது. அந்த மலையில் ஆவியாக்கும் மரத்தை நட யாராவது வந்தால், நான் எதிர்த்து நிற்பேன்.