கடவுளோடு சண்டை போட்ட இரவு

"நல்லவங்களைத்தான் ஆண்டவன் சோதிப்பான்." அப்பா வென்டிலேட்டரில் இருந்த வாரத்தில் இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணவில்லை. எல்லோரும் அன்பில்தான் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே பின்னூட்டத்தில் வேறு சண்டை தொடங்கிவிடும்.

இரண்டாம் நாள் நள்ளிரவு தாண்டி ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன நடந்தாலும் சம்மதம் என்கிற மாதிரித் தாள். பேனா எழுதவில்லை. உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, மறுபடி வைத்தால் பெயரில் பாதிதான் விழுந்தது. அதுவரை இதைச் செய்கிறேன், அதை விட்டுவிடுகிறேன் என்று கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவன், அந்த நிமிடம் திட்டிவிட்டேன். "உனக்கு அவர் என்ன குறை வைத்தார்?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மா ஒன்றும் பேசாமல் தன் பேனாவை எடுத்து நீட்டினார்.

அப்புறம் பயம். இப்படிப் பேசியதற்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று.

சரி, தேவாரம் பாடிய அப்பர் என்ன செய்தார்? சூலை நோய் குடலை முறுக்கியபோது திருவதிகையில் அவர் பாடிய பதிகம் நன்றியில் தொடங்கவில்லை. எமன் போல வந்திருக்கும் இதை விலக்க மாட்டேன் என்கிறீரே, நான் செய்த கொடுமை எதுவென்றே தெரியவில்லையே என்று புகாரில்தான் தொடங்குகிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் புகாரைத்தான் பக்தியோடு பாடிக்கொண்டிருக்கிறோம்!

விவிலியத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடக்கும் நல்ல மனிதர் யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். 7 நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று நீள நீளமாக விளக்கம். யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். அதற்கு அவருக்கும் நல்ல அதட்டல் கிடைக்கிறது. ஆனால் என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் இவன்தான் என்று சொல்லி, கடவுள் கோபப்படுவது தனக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களிடம்.

கோபித்துக்கொள்ளவும் எதிரே ஒருவர் இருக்கிறார் என்று தோன்ற வேண்டுமே. அந்த இரவில் என்னிடம் மிச்சமிருந்த நம்பிக்கை அவ்வளவுதான். பேரம் பேசியபோதுகூட அது இருந்ததா என்று தெரியவில்லை.

அப்பா 23ஆம் நாள் வீட்டுக்கு வந்தார். "பாத்தியா, கடவுள் கைவிடலை" என்றார்கள். தலையாட்டினேன். பேனா கொடுத்த அம்மாவின் மகன் அதே வார்டில்தான் இருந்தான். இரவெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்னைவிட நன்றாகவே வேண்டியிருப்பார். ஐந்தாம் நாள் அந்தப் பையன் போய்விட்டான். கடவுள் அவரைக் கைவிட்டார் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? வராது என்றால், என் விஷயத்தில் மட்டும் எப்படி இத்தனை உறுதியாகச் சொல்கிறோம்?

இன்றைக்கும் படுக்கும் முன் கடவுளிடம் பேசாமல் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பையனைப் பற்றியும் கேட்கிறேன். இதுவரை பதில் இல்லை.